ஒரே சீசன் ஆடிய ஹன்டர் மரைனர்ஸ்: எப்படி வந்தது, ஏன் போனது?

கேள்வி இது: "ஆஸ்திரேலியாவில் 1997-ல் ஒரே ஒரு சீசன் ஆடிவிட்டுக் காணாமல் போன ஹன்டர் மரைனர்ஸ் என்ற ரக்பி லீக் அணி, அந்த ஒரு வருஷத்திலேயே கிளப்களுக்கான உலகப் போட்டியில் இறுதியாட்டம் வரை போனதாமே? அவ்வளவு நன்றாக ஆடிய அணியை ஏன் மூடினார்கள்?"

இறுதியாட்டம் வரை போனது உண்மைதான். நன்றாக ஆடியதும் ஓரளவுக்கு உண்மை. ஆனால் ஆட்டத்துக்கும் அணியை மூடியதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த அணி தோன்றியதற்குக் காரணம் ஆட்டம் அல்ல, டிவி. போனதற்குக் காரணமும் அதுவே. நடுவில் நடந்ததுதான் சுவாரசியம்.

முதலில் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம், ஏனென்றால் நம் ஆட்கள் பலருக்கும் ரக்பி என்றால் ஒன்றுதான். இலங்கையில் கண்டி, கொழும்புப் பள்ளிகளில் ஆடுவது ரக்பி யூனியன், பக்கத்துக்கு 15 பேர். லீக் வேறு. இதில் 13 பேர். பந்தோடு ஓடுபவரைப் பிடித்து நிறுத்தினால் அது ஒரு டேக்கிள். ஆறு டேக்கிளுக்குள் ஏதாவது செய்தாக வேண்டும், இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும். கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றினால் டிரை, அதற்கு 4 புள்ளி. அதன் பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் 2. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பந்தைத் தரையில் தட்டி எழுப்பி கம்பத்துக்கு நடுவே உதைத்தால் 1.

இந்த இரண்டு ரக்பியும் பிரிந்ததே பணத்தால்தான். 1895-ல் வட இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் ஒரு ஓட்டலில் கிளப்புகள் கூடி, தனியாகப் போவது என்று முடிவு செய்தன. சுரங்கத்திலும் மில்லிலும் வேலை பார்க்கும் ஆட்டக்காரன் சனிக்கிழமை ஆடப் போனால் அன்றைய கூலி போச்சு. அதை ஈடுகட்டக் காசு கொடுக்கலாம் என்றார்கள் வடக்கத்திக்காரர்கள், கூடாது என்றார்கள் லண்டன்காரர்கள். லீக் பிறந்தது அப்படித்தான். அதனால் இந்த ஆட்டம் எங்கே போனாலும் கரி, இரும்பு, துறைமுகம் இருக்கும் ஊர்களில்தான் வேர் பிடித்தது.

அப்படி ஓர் ஊர்தான் நியூகாஸ்டல். சிட்னிக்கு வடக்கே சுமார் 160 கிலோமீட்டர், ஹன்டர் ஆறு கடலில் கலக்கும் இடம். பெயரே இங்கிலாந்தின் நிலக்கரி நகரத்திடமிருந்து வாங்கியது. 1915 முதல் பி.எச்.பி. நிறுவனத்தின் இரும்பாலை அங்கே ஓடியது. சிட்னிக்காரர்கள் தங்களை இளக்காரமாகப் பார்க்கிறார்கள் என்ற நினைப்பு இந்த ஊருக்கு எப்போதும் உண்டு. கதைக்கு இது முக்கியம், மறக்காதீர்கள்.

இந்த ஊரிலிருந்து இதற்கு முன்பும் ஓர் அணி வந்து சீக்கிரமே போயிருக்கிறது. சிட்னியில் 1908-ல் ரக்பி லீக் தொடங்கியபோது சேர்ந்த ஒன்பது அணிகளில் நியூகாஸ்டலும் ஒன்று. 1908, 1909 என்று இரண்டு சீசன் ஆடிவிட்டு விலகிவிட்டார்கள். ஆள் இல்லாமலோ ஆட வராமலோ அல்ல. சிட்னியின் போட்டியில் ஓர் ஓரமாக இருப்பதைவிட எங்கள் ஊருக்கே ஒரு லீக் வைத்துக்கொள்கிறோம் என்று கிளம்பினார்கள். அடுத்த வருஷமே உள்ளூர்ப் போட்டி தொடங்கியது. ஆக, அந்த முதல் அணியைக் கலைத்தது ஊரேதான், தன் விருப்பப்படி. மரைனர்ஸ் விஷயத்தில் ஊரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

அதன் பிறகு கிட்டத்தட்ட 80 வருஷம் சிட்னி போட்டியில் நியூகாஸ்டலுக்கு அணி இல்லை. 1988-ல்தான் நியூகாஸ்டல் நைட்ஸ் வந்தது. அடுத்த வருஷம், 1989 டிசம்பர் 28 அன்று பூகம்பம், 13 பேர் இறந்தார்கள். நகரின் நடுப்பகுதியே குலைந்துபோனது. அந்தக் காலத்தில் இந்த ஊர்க்காரர்களுக்கு வாரக் கடைசியில் பெருமைப்பட்டுக்கொள்ள இருந்தது நைட்ஸ்தான். சும்மா ஒரு கிளப் என்று அதைச் சொல்ல முடியாது.

சரி, இப்போது சண்டைக்கு வருவோம். 1995-ல் ஆஸ்திரேலியாவில் கட்டண டிவி தொடங்கும் நேரம். ரூபர்ட் முர்டாக்கின் நியூஸ் நிறுவனத்துக்கு டிவியில் காட்ட ரக்பி லீக் வேண்டும். உரிமையோ ஆஸ்திரேலிய ரக்பி லீக் அமைப்பிடமும், அதன் மூலம் டிவி முதலாளி கெர்ரி பேக்கரிடமும் இருந்தது. உரிமையை வாங்க முடியாவிட்டால் ஆட்டத்தையே வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தார்கள். 1995 ஏப்ரல் 1-ஐ ஒட்டிய சில நாட்களில் ஆட்டக்காரர்களையும் கோச்சுகளையும் ஒவ்வொருவராகப் பிடித்து, அதுவரை அவர்கள் கண்ணால் பார்த்திராத தொகைக்குக் கையெழுத்து வாங்கினார்கள். பழைய அமைப்பும் பேக்கர் காசோடு எதிர்த்துக் கையெழுத்து வேட்டை நடத்தியது. புதிய போட்டிக்குப் பெயர் சூப்பர் லீக்.

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு இது எங்கேயோ கேட்ட கதையாக இருக்கும். 1977-ல் டிவி உரிமை கிடைக்காத கோபத்தில் உலகத்தின் பெரிய ஆட்டக்காரர்களையெல்லாம் தனியாக வளைத்துப் போட்டு வேறு போட்டி நடத்தியவர் இதே கெர்ரி பேக்கர். 18 வருஷம் கழித்து அதே வித்தையை வேறொருவர் காட்ட, இவர் பாரம்பரியத்தின் காவலராக நின்றார். நம் ஊரில் 2007-ல் ஐ.சி.எல். (இந்தியன் கிரிக்கெட் லீக்) வந்ததே, அதில் முதல் கோப்பையை வென்ற சென்னை சூப்பர்ஸ்டார்ஸை இன்று யாருக்கு ஞாபகம் இருக்கிறது? கிட்டத்தட்ட அதே மாதிரி ஏற்பாடு. ஒரு வித்தியாசம், இங்கே சண்டையில் இருபது கிளப்புகளில் எட்டு புதியவர் பக்கம் போய்விட்டன.

நியூகாஸ்டல் நைட்ஸ் போகவில்லை. கேப்டன் பால் ஹாரகன், ஆண்ட்ரூ ஜான்ஸ், மேத்யூ ஜான்ஸ் சகோதரர்கள் எல்லாம் பழைய பக்கமே நின்றார்கள். ஆனால் சிட்னிக்கு வெளியே லீக் இவ்வளவு தீவிரமாக ஓடும் ஊரைச் சூப்பர் லீக் விட்டுவிட முடியாது. நைட்ஸ் வராவிட்டால் என்ன, அதே ஊரில் இன்னொரு அணியை உருவாக்கு என்றார்கள். அதுதான் ஹன்டர் மரைனர்ஸ். 'நியூகாஸ்டல்' என்று பெயர் வைக்காமல் 'ஹன்டர்' என்று மொத்தப் பள்ளத்தாக்குக்கும் வைத்தது ஒரு வகையில் சாமர்த்தியம்தான்.

பெயர் வைத்தும் உடனே ஆட முடியவில்லை. சூப்பர் லீக் 1996-ல் தொடங்குவதாக இருந்தது. அந்த வருஷம் பிப்ரவரியில் ஃபெடரல் நீதிமன்றம் பழைய அமைப்பின் பக்கம் தீர்ப்புச் சொல்லிப் போட்டியையே தடுத்துவிட்டது. அக்டோபரில் மேல்முறையீட்டில் அது தலைகீழானது. ஆகவே 1997-ல் ஒரே ஆட்டத்துக்கு இரண்டு தேசியப் போட்டிகள்: ஒரு பக்கம் 12 அணி, இன்னொரு பக்கம் 10 அணி. மரைனர்ஸ் அந்தப் பத்தில் ஒன்று. ஒரு வருஷம் காகிதத்தில் மட்டும் இருந்த கிளப், ஒரு வருஷம் மைதானத்தில் இருந்தது. அவ்வளவுதான் ஆயுள்.

மைதானமும் இரவல். நைட்ஸின் மைதானத்தில் இவர்களுக்கு இடமில்லை. நியூகாஸ்டல் பிரேக்கர்ஸ் என்ற கால்பந்து கிளப்பின் மைதானத்தில் ஆடினார்கள், அப்போது அதற்கு டாப்பர் ஸ்டேடியம் என்று பெயர். (அந்தக் கால்பந்து கிளப்பும் 2000-ல் மூடப்பட்டது. அந்த மைதானத்துக்கு ராசியில்லை போல.) கூட்டம் சில ஆயிரத்தைத் தாண்டுவதே பாடு. ஊர்க்காரன் பார்வையில் மரைனர்ஸ் பக்கத்து ஊர் எதிரிகூட இல்லை. தன் வீட்டு வாசலிலேயே யாரோ வெளியூர் முதலாளி திறந்த போட்டிக் கடை.

ஆனால் கடையில் இருந்த சரக்கு சோடையில்லை. கோச் கிரஹாம் மர்ரே. இல்லவாரா ஸ்டீலர்ஸ் அணியின் கோச்சாக இருந்தபோது சூப்பர் லீக்குக்குக் கையெழுத்துப் போட்டதற்காக 1995-ல் வேலை இழந்தவர். சத்தம் போடாத மனுஷர், சாதாரண ஆட்டக்காரனிடமிருந்தும் நல்ல ஆட்டத்தை வாங்கத் தெரிந்தவர். நைட்ஸின் பழைய ஹூக்கர் (டேக்கிள் ஆன இடத்திலிருந்து பந்தை எடுத்துக் கொடுப்பவர்) ராபி மெக்கார்மாக் இங்கே வந்தார். முந்தைய வருஷம் செயின்ட் ஜார்ஜ் அணியோடு இறுதியாட்டம் ஆடிய ஹாஃப்பேக் (அணியின் தாக்குதலை வழிநடத்துபவர்) நோயல் கோல்ட்தார்ப் வந்தார். நியூசிலாந்தின் டோனி ஐரோ வந்தார். இவர்களோடு அப்போது பெரிதாக யாரும் கண்டுகொள்ளாத சில இளைஞர்கள்: பிரெட் கிம்மார்லி, ஸ்காட் ஹில், ராபி ராஸ், ரிச்சர்ட் ஸ்வெய்ன். இந்தப் பெயர்களை வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

கிம்மார்லி நியூகாஸ்டல் பகுதிப் பையன். நைட்ஸில்தான் ஆரம்பித்தார். ஆனால் நைட்ஸில் ஹாஃப்பேக் இடத்தில் இருந்தவர் ஆண்ட்ரூ ஜான்ஸ். பின்னாளில் இந்த ஆட்டத்தின் ஆகச்சிறந்தவர் என்று பலரும் சொல்லும் ஆள். அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்காகக் காத்திருந்தால் காலம் முழுக்கக் காத்திருக்க வேண்டியதுதான். ஊர் கோபப்பட்ட இந்தக் கிளப், இப்படிச் சிலருக்கு உண்மையிலேயே ஒரு வாசலைத் திறந்துவிட்டது. மரைனர்ஸைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை அதிகம் சொல்வதில்லை.

லீக் ஆட்டங்களில் பத்து அணிகளில் ஆறாவது. ஐந்து அணிகளுக்குத்தான் அடுத்த சுற்று. புதிய அணிக்கு மோசமில்லை என்று சொல்லலாம், அதற்கு மேல் சொல்வதற்கில்லை. பிறகு எப்படி உலக இறுதியாட்டம்?

அங்கேதான் அட்டவணையின் விளையாட்டு. சூப்பர் லீக்கின் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து அணிகள் பத்தும் ஐரோப்பிய அணிகள் பன்னிரண்டும் மோதும் உலக கிளப் சாம்பியன்ஷிப் என்று ஒன்றை அதே வருஷம் நடத்தினார்கள். பலமான அணிகள் ஒரு பிரிவில், மற்றவை இன்னொரு பிரிவில். மரைனர்ஸ் இரண்டாவது பிரிவு. அடிலெய்ட், பெர்த், வட குவீன்ஸ்லாந்து அணிகள் அதே பிரிவு. எதிரில் லீட்ஸ், காஸில்ஃபோர்டு, ஓல்டம், சால்ஃபோர்டு, ஷெஃபீல்டு, அப்புறம் பாரிஸ் செயின்ட் ஜெர்மெயின். ஆமாம், அதே பாரிஸ் கால்பந்து கிளப்தான். 1996, 1997 இரண்டு வருஷம் அவர்கள் பெயரில் ரக்பி லீக் அணி ஒன்று இருந்தது. டிவி வரைபடத்தில் பாரிஸ் இருந்தால் அழகாக இருக்கும் என்பதற்காக வைத்தது, மரைனர்ஸுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி.

ஆட்டங்கள் பெரும்பாலும் ஒருதலைப்பட்சம். ஆஸ்திரேலிய அணிகள் இங்கிலாந்து அணிகளைப் பிரித்து மேய்ந்தன. அந்த இரண்டாவது பிரிவில் முதலில் வந்ததால் மரைனர்ஸுக்குக் காலிறுதி இடம் கிடைத்தது. கான்பெரா, கேன்டர்பரி போன்ற பெரிய அணிகள் பலமான பிரிவில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வெளியே நின்றன. இது வரை அதிர்ஷ்டம் என்றே வைத்துக்கொள்வோம்.

காலிறுதி அதிர்ஷ்டமல்ல. எதிரணி விகன், அதுவும் அவர்களுடைய சென்ட்ரல் பார்க் மைதானத்தில். 1988 முதல் 1995 வரை தொடர்ந்து எட்டு முறை சேலஞ்ச் கோப்பையை (இங்கிலாந்தின் நாக்-அவுட் கோப்பை) வென்ற கிளப் அது. அந்த வருஷம் பழைய ஜொலிப்பு குறைந்திருந்தாலும் விகனில் போய் விகனை அடிப்பது சின்ன விஷயமல்ல. மரைனர்ஸ் ஜெயித்தது. அரையிறுதியில் குரோனுல்லா, அந்த வருஷ சூப்பர் லீக்கின் இரண்டாம் இடம். அவர்களையும் ஜெயித்தது. ஆக, யாரோ கொடுத்த இடத்தில் போய் உட்கார்ந்தவர்கள் என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

இதெல்லாம் நடக்கும்போது நியூகாஸ்டல் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது என்பதுதான் இந்தக் கதையின் கொடுமை.

அந்த வருஷம் ஏப்ரலில் பி.எச்.பி. தன் இரும்பாலையை 1999-க்குள் மூடப்போவதாக அறிவித்திருந்தது. தாத்தா, அப்பா, மகன் என்று வேலை பார்த்த இடம். ஊர் துவண்டு கிடந்த நேரத்தில் நைட்ஸ் பழைய அமைப்பின் போட்டியில் முதன்முறையாக இறுதியாட்டத்துக்குப் போனது. செப்டம்பர் 28, சிட்னி ஃபுட்பால் ஸ்டேடியம், எதிரே மான்லி. சிட்னியின் கடற்கரைப் பணக்காரப் பகுதி அணி, முந்தைய வருஷ சாம்பியன். ஆட்டம் தொடங்கும் முன்பே ஆண்ட்ரூ ஜான்ஸுக்கு நெஞ்சில் காயம், நுரையீரல் பாதிப்போடுதான் களமிறங்கினார். முதல் பாதியில் மான்லி முன்னிலை. கடைசி நிமிடங்களில் 16-16. ஒரு புள்ளிக்காக உதைத்துப் பார்த்தார்கள், கைகூடவில்லை. மணி அடிக்கச் சில நொடிகள்தான் பாக்கி. எல்லாரும் கூடுதல் நேரம் என்று நினைத்துக்கொண்டிருக்க, டேக்கிள் ஆன இடத்தில் பந்தை எடுத்த ஜான்ஸ், ஆட்கள் அதிகம் நிற்கும் அகலமான பக்கம் போகாமல் ஒடுங்கிய பக்கமாக ஓடினார். அந்தப் பக்கம் இடமே இல்லை, போனால் கோட்டுக்கு வெளியே தள்ளிவிடுவார்கள். அதனால்தான் மான்லி அந்தப் பக்கத்தை எதிர்பார்க்கவில்லை. பக்கத்தில் ஓடிவந்த டேரன் ஆல்பர்ட்டுக்கு ஒரு பாஸ். ஆல்பர்ட் கம்பத்தருகே போய் விழுந்தார். 22-16. நியூகாஸ்டலில் அன்று யாரும் தூங்கியிருக்க மாட்டார்கள். அணி ஊர் திரும்பியபோது மொத்த ஊரும் தெருவில் நின்றது.

அந்தக் கொண்டாட்டம் அடங்கும் முன்பே, அதே ஊரின் பெயரில் இன்னோர் அணி உலக இறுதியாட்டத்துக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தது. அக்டோபர் 17, ஆக்லாந்து. நைட்ஸ் வென்று 19 நாள். எதிரே பிரிஸ்பேன் பிராங்கோஸ்: ஆலன் லாங்கர், கெவின் வால்டர்ஸ், வெண்டெல் செய்லர், இளம் டேரன் லாக்யர் எல்லாம் இருந்த அணி. கோச் வெய்ன் பென்னட். முடிவு பிரிஸ்பேன் 36, மரைனர்ஸ் 12. அதுவே மரைனர்ஸ் ஆடிய கடைசி ஆட்டம்.

உங்கள் ஊர் அணி ஒன்று உலக இறுதியாட்டம் போனால் ஊர் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நியூகாஸ்டலில் அதைப் பற்றிப் பெரிதாக யாரும் பேசவில்லை என்றால் அது பொறாமையால் அல்ல. அவர்களுக்குப் பேச வேண்டியது ஏற்கெனவே நடந்துவிட்டது.

மூடியது எப்படி? இரண்டு பக்கமும் காசை எரித்துக் களைத்துப்போயின. 1997 டிசம்பரில் சமாதானம். 1998-லிருந்து ஒரே போட்டி, நேஷனல் ரக்பி லீக். கணக்கைப் பாருங்கள்: இரண்டு பக்கமும் சேர்ந்து 22 அணி. மூன்றை மூடினார்கள்: மரைனர்ஸ், பெர்த்தின் வெஸ்டர்ன் ரெட்ஸ், பழைய பக்கத்திலிருந்து சவுத் குவீன்ஸ்லாந்து கிரஷர்ஸ். மெல்பர்னில் ஒரு புது அணி. ஆக 20. சமாதானம் வந்த பிறகு ஒரே ஊரில் இரண்டு அணி எதற்கு? நைட்ஸ் சாம்பியன், ஊரின் செல்லப்பிள்ளை. மரைனர்ஸ் இருந்ததே நைட்ஸ் வராத குறையைத் தீர்க்க, இப்போது நைட்ஸே வந்தாகிவிட்டது. உலகக் கோப்பையையே வென்றிருந்தாலும் இதில் ஒன்றும் மாறியிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

மூடியதோடு முடிந்திருந்தால் அடிக்குறிப்பாகப் போயிருக்கும். ஆனால் மெல்பர்ன் ஸ்டார்ம் என்ற அந்தப் புது அணிக்கு ஆள் வேண்டியிருந்தது. மெல்பர்னோ ஆஸ்திரேலிய ரூல்ஸ் ஃபுட்பால் ஊர், உள்ளூரில் லீக் ஆட்டக்காரர்கள் கிடையாது. மூடிய கடைகளில் சரக்கு சும்மா கிடந்தது. பெர்த்திலிருந்து ராபி கெர்ன்ஸ், ராட்னி ஹோவ், மேட் கெயர். ஹன்டரிலிருந்து கிம்மார்லி, ஸ்காட் ஹில், ராஸ், ஸ்வெய்ன், பால் மார்கெட். இரண்டாவது வருஷமே, 1999-ல், ஸ்டார்ம் இறுதியாட்டத்தில் நின்றது. சிட்னி ஒலிம்பிக் ஸ்டேடியத்தில் 1,07,999 பேர். முதல் பாதி முடிவில் செயின்ட் ஜார்ஜ் இல்லவாரா 14-0 முன்னிலை. கடைசியில் ஒரு பெனால்டி டிரை (எதிரணி விதி மீறித் தடுத்ததால் நடுவர் கொடுப்பது) கிடைத்து, கெயர் உதைத்த கோலில் ஸ்டார்ம் 20-18 என்று வென்றது. ஆட்டநாயகனுக்கான கிளைவ் சர்ச்சில் பதக்கம் வாங்கியவர் பிரெட் கிம்மார்லி. இரண்டு வருஷம் முன்பு இரவல் மைதானத்தில் சில ஆயிரம் பேர் முன்னால் ஆடிக்கொண்டிருந்த அதே ஆள்.

கிரஹாம் மர்ரே 1998-ல் லீட்ஸுக்குப் போனார். அங்கே 1999-ல் சேலஞ்ச் கோப்பையை வென்று கொடுத்தார். பிறகு 2000-ல் சிட்னி ரூஸ்டர்ஸ், 2005-ல் நார்த் குவீன்ஸ்லாந்து கவ்பாய்ஸ் என்று இரண்டு அணிகளை இறுதியாட்டம் வரை கொண்டுபோனார். கவ்பாய்ஸுக்கு அதுதான் முதல் இறுதியாட்டம். 2013-ல் இறந்தார்.

இன்று அந்தப் பக்கம் போய் 'மரைனர்ஸ்' என்று சொன்னால், ஹன்டருக்கும் சிட்னிக்கும் நடுவே காஸ்ஃபோர்டில் ஆடும் சென்ட்ரல் கோஸ்ட் மரைனர்ஸ் கால்பந்து அணியைத்தான் கேட்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். அதற்கும் இதற்கும் பெயர் ஒற்றுமை தவிர வேறு எந்தத் தொடர்பும் இல்லை.